மீசைக்கு அடியில் ஒரு புண்

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு நான் முகத்தில் ஒரு சிங்கத்தோடு போனேன்.

சொல்லும்போது வீரமாகத்தான் இருக்கிறது. பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு கீழுதட்டின் வலது ஓரத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு. மறுநாள் காலையில் அங்கே ஜவ்வரிசி போல ஐந்தாறு கொப்புளங்கள் கொத்தாக உட்கார்ந்திருந்தன. அம்மா என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரே பார்வைதான்.

"அக்கிடா. எழுதிட்டு வந்துருவோம், கெளம்பு."

அக்கி எழுதுவது என்றால், பானை செய்கிறவரிடம் போய், காவிக்கல்லை உரைத்துக் குழைத்து, கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்துகொள்வது. சிங்கம் அக்கியைத் தின்றுவிடும் என்பது ஏற்பாடு. திருவாதவூர் போகிற வழியில் இருந்தது அந்தப் பானைக்காரர் வீடு. அவர் ஒரு கோழி இறகை எடுத்துக் காவியில் தோய்த்து என் மோவாயில் ஆரம்பித்தார்.

"தம்பி, வாயை மூடிக்கிருங்க. வால் போடுற நேரத்துல பேசுனா வால் எங்கிட்டாச்சும் போயிரும்."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் வாய் மூடாது. "எதுக்குண்ணே சிங்கம்? புலி போட்டா கேக்காதா?" என்றேன். வால் காதுக்குப் போனது.

மறுநாள் ஆய்வகத்தில், வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் என் முன்னால் வந்து நின்று, வாலைக் காது வரைக்கும் பார்த்தார். பிறகு, "நாடகத்துல இருந்து நேரா வர்றியாப்பா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சித்தான் திரவத்தை அளப்போம். நாலு பேருக்கு ஒரு பிப்பெட். நான் உறிஞ்சி முடித்ததும் பக்கத்தில் இருந்தவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"மாப்ள, அத நீயே வச்சுக்க. நாங்க வேற கேட்டு வாங்கிக்கிறோம்."

அவன் பயந்தது சிங்கத்துக்கு. ஆனால் அன்று அந்த ஆய்வகத்தில் நடந்த ஒரே அறிவியல்பூர்வமான காரியம் அந்தப் பிப்பெட்டை அவன் தொடாததுதான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு வாரத்தில் புண் காய்ந்து உதிர்ந்தது. சிங்கத்துக்குப் பேர் கிடைத்தது. சிங்கம் இல்லாமலேயே ஆறியிருக்கும் என்று வாதாடிப் பார்த்தேன். நிரூபிக்க என்னிடம் இன்னொரு உதடு இல்லை.

கல்லூரியில் விலங்கியல் சேர்ந்த பிறகு அது திரும்பத் திரும்ப வந்தது. செமஸ்டர் அட்டவணை ஒட்டினால் போதும், அதே ஓரம், அதே எறும்பு. மூன்றாவது தடவை அம்மாவுக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கே.கே. நகரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அந்த டாக்டரம்மா ஒரு லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இதே இடத்துல முன்னாடி வந்திருக்கா?" என்றார்.

"பரீட்சைன்னா கரெக்டா வந்துரும் டாக்டர்."

"அப்ப இது அக்கி இல்ல. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அக்கி வைரஸுக்குச் சொந்தக்காரன், ஆனா வேற ஆளு."

"எப்படி வந்துச்சு?"

"சின்னப் பிள்ளையா இருக்கும்போது யாராச்சும் கொஞ்சி முத்தம் குடுத்திருப்பாங்க. நெறையப் பேருக்கு அப்படித்தான் வருது. பாதிப் பேருக்கு இருக்கிறதே தெரியாது."

"எப்பப் போகும்?"

"போகாது" என்றார், மழை வராது என்கிற மாதிரி சாதாரணமாக. "புண்ணு போயிரும். வைரஸ் நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கிரும். காய்ச்சல், வெயில், டென்ஷன், தூக்கமில்லைன்னா எந்திரிச்சு வரும். குறுகுறுன்னு ஆரம்பிக்கும்போதே மாத்திரை போட்டா சீக்கிரம் அடங்கும். புண்ணைத் தொட்டுட்டுக் கண்ணைத் தொடாத. டம்ளர், துண்டு தனியா வச்சுக்க. முத்தம் குடுக்காத."

கடைசிப் புத்திமதிக்கு என் வாழ்க்கையில் அப்போது தேவையே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வேறு யாராவது என்றால் போகாது என்றதும் வருத்தப்பட்டிருப்பார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். என் கன்னத்து நரம்புக்குள் ஒருவன் குடியிருக்கிறான், பரீட்சை அட்டவணையை எனக்கு முன்னால் படிக்கிறான்! அன்று சாயங்காலமே எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய், பலகை தடுத்த அறைக்குள் உட்கார்ந்து அந்தப் பெயரைத் தட்டினேன்.

படங்கள் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கின. முதல் படம் உதடு. இரண்டாவது படம் உதடு இல்லை. மூன்றாவது படம் பாதி இறங்கியபோது சென்டர்காரர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, இந்த மாதிரி சைட்டெல்லாம் நம்ம சென்டர்ல பாக்கக் கூடாது."

"அண்ணே, இது வியாதிண்ணே. எனக்கு இருக்குண்ணே."

அவர் முகம் மாறியது. தன் மேஜைக்குப் போனார். நான் எழுந்து வரும்போது கையில் ஒரு நோட்டீஸை மடித்து வைத்தார். மாதம் ஒருமுறை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கு வந்து 'வாலிப வயோதிக அன்பர்களை'ச் சந்திக்கும் ஒரு வைத்தியரின் விளம்பரம். "வயசுல எல்லாரும் பண்றதுதான் மாப்ள. மனசத் தளரவிட்றாத" என்றார்.

அங்கேயே நின்று விளக்கினேன். இதில் இரண்டு வகை உண்டு, ஒன்று பெரும்பாலும் வாயில், மற்றது பெரும்பாலும் கீழே, ஆனால் இடம் மாறியும் உட்காரும், என்னுடையது வாய், குழந்தையிலேயே வந்தது, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, கீழே வந்தாலும் வெட்கப்படாமல் டாக்டரிடம்தான் போக வேண்டும். மூச்சு விடாமல் சொன்னேன். மற்ற அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அந்தத் தெருவில் அதற்கப்புறம் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. என்ன மரியாதை என்றுதான் சொல்ல முடியவில்லை.

படித்ததில் ஒரே ஒரு வரிதான் என் உற்சாகத்தை நிறுத்தியது. பெரியவர்களுக்குத் தொல்லை மட்டும் தருகிற இந்த உதட்டுப் புண், பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. எதிர்த்து நிற்க அதற்கு உடம்பில் வலு இருக்காது, மூளை வரைக்கும் போகலாம். அதைப் படித்தபோது அக்காவுக்கு ஏழு மாதம். முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

இந்த இடத்தில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரையூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் நாளெல்லாம் வெயிலில் நிற்கிறவர். இரண்டு பக்கமும் மேலே பார்க்கிற மீசை. எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் சேனை வைப்பது அவர்தான். பால் கொடுப்பதற்கு முன்னால், சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பது சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். எனக்குச் சேனை வைத்தவரும் அவர்தான். நான் யாரையாவது குறுக்கே பேசி மடக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா, "சேனை வச்சவன் வாய் அப்படியே இருக்கு" என்பாள்.

சித்தப்பாவுக்கும் உதட்டில் புண் வரும். வெயில் ஏறினால் வரும். "படுத்திருந்தேன், பூச்சி ஒண்ணுக்கு இருந்துட்டுப் போயிருச்சு" என்பார். வருடத்துக்கு நாலு தடவை, அத்தனை பெரிய பேரையூரில், ஒரு பூச்சி சித்தப்பாவின் உதட்டையே தேடிப்பிடித்து ஒண்ணுக்கு இருந்தது.

நான் அம்மாவிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். "இந்தத் தடவை சேனை வேணாம்மா."

"உங்க சித்தப்பாகிட்ட நீயே சொல்லு. அக்கா கல்யாணப் பத்திரிகைல அவரு பேரு ரெண்டாவது வரில வந்துச்சுன்னு ஒன்றரை வருசம் இந்த வாசப்படிய மிதிக்கல. இப்பத்தான் போக வர இருக்காரு. நீ ஒரு டாக்டர் வந்துட்ட!"

"அம்மா, பிள்ளை உயிரு."

"உனக்கும்தான் வச்சாரு. நீ என்ன, செத்தா போயிட்ட?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீளமான பதில். அம்மா குக்கர் சத்தத்தைக் காரணமாக வைத்துக் கேட்கவில்லை.

பிரசவ நாள் காலையில், கே.கே. நகரில் இருந்த அந்தச் சிறிய நர்ஸிங் ஹோம் வராண்டாவில் நான் ஒரு சோதனைச்சாவடி வைத்தேன். ஒரு பேனா டார்ச், ஒரு சோப்பு டப்பா. வருகிறவர்கள் எல்லோரும் உதட்டைக் காட்ட வேண்டும், முழங்கை வரை கை கழுவ வேண்டும். மச்சான், அதாவது அக்காவின் கணவர், பதற்றத்தில் இரண்டு தடவை வந்து காட்டினார். அப்பா பேசாமல் பல்லையும் சேர்த்துக் காட்டினார்.

"பிள்ளை பெறுறது அவ. அலப்பறை பூராம் நீ" என்றாள் அம்மா, உதட்டைப் பிதுக்கிக் காட்டிக்கொண்டே.

முதல் பஸ்ஸில் சித்தப்பா வந்து இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, சட்டை, மடியில் துணி சுற்றிய, சேனைத் தண்ணீருக்கான வெள்ளிச் சங்கு. எல்லாம் சரியாக இருந்தது, மீசையைத் தவிர. என்றும் மேலே பார்க்கிற மீசை அன்று கீழே தொங்கியது. எண்ணெய் போட்டு வாய்க்கு மேல் படிய வாரியிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். உறிஞ்சுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி டீ குடிக்கிற மனிதர், அண்ணாந்து, டம்ளரை ஒரு சாண் தூக்கி ஊற்றினார். பாதி சட்டையில் போனது.

நான் டார்ச்சை எடுத்தேன்.

"சித்தப்பா, மீசையக் கொஞ்சம் தூக்குங்க."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் பாக்குறேன்."

"எல்லாருக்குமா மீசை இருக்கு? தள்ளுடா."

"தூக்குங்க சித்தப்பா."

"நாப்பது வருசமா இந்த மீசைய என்னத் தவிர ஒருத்தன் தொட்டதில்ல. நீ நேத்துப் பெறந்த பய."

பேச்சின் சூட்டில் அவர் தலையை ஆட்டியபோது மீசை விலகியது. மேலுதட்டில் மூன்று கொப்புளங்கள், புத்தம் புதியவை, என் டார்ச் வெளிச்சத்தில் மினுங்கின. எனக்கு ஒரு கணம் கண்டுபிடிப்பின் சந்தோஷம். அடுத்த கணம் பிரவுசிங் சென்டரில் படித்த அந்த ஒரு வரி. உள்ளே அக்கா கத்துகிற சத்தம் கேட்டது.

"பூச்சிடா அது" என்றார் சித்தப்பா.

"பூச்சி இல்ல, வைரஸ். இது நரம்புல போய்..." என்று ஆரம்பித்தேன். பெயர், வகை, பரவும் விதம், பச்சைக் குழந்தைக்கு என்ன செய்யும் என்பது வரைக்கும், பிரவுசிங் சென்டரில் போலவே மூச்சு விடாமல் சொன்னேன். வராண்டாவில் உட்கார்ந்திருந்த வேறு ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பாவின் முகம் சிவந்தது. நான் பேசப் பேச அவர் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இத்தனை பேர் முன்னால் அண்ணன் மகன் என்னை வியாதிக்காரன் என்கிறான்.

"மதினி" என்றார் அம்மாவைப் பார்த்து. "நான் வச்ச பிள்ளைக அம்புட்டும் ஆளாகி நிக்குது. இந்தப் பய பேச்சைக் கேட்டு என்னை வேணாங்கிறீகளா? சொல்லிருங்க. அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்."

"அவன் கெடக்கான் தம்பி, நீங்க உக்காருங்க" என்றாள் அம்மா. என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஒன்றரை வருடமும் இருந்தது.

அப்போது உள்ளே இன்னொரு அழுகை கேட்டது. சின்னதாக, கோபமாக. நர்ஸ் கதவைத் திறந்து, "பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னும் பத்து நிமிசத்துல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அழுதாள், மச்சான் அழுதார், சித்தப்பா மடியிலிருந்து சங்கை எடுத்துத் துணியைப் பிரித்தார்.

அந்த நேரத்தில்தான் எறும்பு ஊர்ந்தது.

கீழுதடு, வலது ஓரம். மூன்று நாளாக ஒழுங்காகத் தூங்காதவன், சோதனைச்சாவடி அதிகாரி, வேறு என்ன எதிர்பார்ப்பேன்? நாக்கால் தொட்டுப் பார்த்தேன். பார்வைக்கு இன்னும் ஒன்றும் இல்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த வராண்டாவில் என் உதட்டைச் சோதிக்க ஆளே இல்லை. இரண்டு மாதமாக நான் ஒரே ஒரு காட்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: தாய்மாமன் நான், முதலில் கையில் வாங்குவது. என் மனம் அந்த ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்த சமாதானங்களைச் சொன்னால் சித்தப்பாவின் பூச்சியே தேவலை. இது குறுகுறுப்புதானே, புண் இல்லையே. ஒரு நிமிடம் தூக்கினால் என்ன. கை கழுவித்தானே இருக்கிறேன்.

சித்தப்பா எழுந்து கதவுப் பக்கம் நடந்தார்.

"சித்தப்பா" என்றேன். "எனக்கும் வருது."

"என்ன வருது?"

"உதட்டுல. இப்பத்தான் ஆரம்பிக்குது. நானும் உள்ள போகல."

அவர் நின்றார். திரும்பி வந்தார். என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, தாடையைப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையேடா."

"நாளைக்குத் தெரியும். உங்களுக்கும் முதல்ல குறுகுறுன்னுதான இருந்துச்சு?"

டார்ச்சை அணைத்தார். "எறும்பு ஊர்ற மாதிரி" என்றார் மெதுவாக. பிறகு, "பிள்ளையத் தூக்கணும்னு ரெண்டு மாசமா ஃபோன்ல பொலம்புன பயதான நீ?" என்றார்.

"ஆமா."

"தூக்கலையா?"

"பொருக்கு உதிர்ற வரைக்கும் கிட்டப் போக மாட்டேன்."

நான் சொன்ன வகைகள், நரம்பு, மூளை எதுவும் செய்யாததை இது செய்தது. சித்தப்பா சங்கைத் துணியில் சுற்றினார். சுற்றி அம்மா கையில் கொடுத்தார். "மதினி, இத நீங்க வச்சுக்கங்க. நானும் இவனும் இங்கிட்டு இருக்கோம்" என்று சொல்லி, பெஞ்சின் கடைசியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப உனக்கு நான்தான் குடுத்தேனா?" என்று கேட்டார்.

"தெரியாது சித்தப்பா. டாக்டராலயே சொல்ல முடியாது. யாரு வேணாலும் குடுத்திருக்கலாம்."

"நானாத்தான் இருக்கும்" என்றார், எதையும் விட்டுக்கொடுக்காத குரலில். "சேனை வச்சவன் நானு. வேற எவன் குடுத்திருப்பான்?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். உடனே "ஸ்ஸ்" என்று மேலுதட்டைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா சங்கோடு உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாள். "சேனையும் கெடையாது, சக்கரைத் தண்ணியும் கெடையாது, தாய்ப்பால் மட்டுந்தான்னு அந்த நர்ஸம்மா சத்தம் போடுது. உங்கக்காவே பால் குடுத்துட்டா."

"போச்சு" என்றார் சித்தப்பா. "அப்ப பிள்ளை அவ ஆத்தா மாதிரியே பிடிவாதமா வரும்."

குழந்தையை வாசல் வரை கொண்டுவந்து காட்டினார்கள். நாங்கள் பத்தடி தள்ளி, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றோம். படுக்கையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "களவாங்க வந்தவங்க மாதிரி நிக்கிறாய்ங்க பாரு ரெண்டு பேரும்." குழந்தை கண்ணைத் திறக்கவே இல்லை. தலை நிறைய முடி.

அன்றே நான் மாத்திரையை ஆரம்பித்தேன். சித்தப்பாவையும் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். பொருக்கு முழுதாக உதிர்ந்து தோல் ஆறிய பிறகுதான் தூக்கலாம், அதற்கப்புறமும் கை கழுவித்தான், புண் இல்லாத நாளிலும் வைரஸ் கசியலாம் என்பதால் வாயில், முகத்தில் முத்தம் யாருக்குமே கிடையாது என்றார். "மீசை குத்தும், அது வேற" என்று சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் காலை ஏழு மணிக்குப் பேரையூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஃபோன் வந்தது.

"எனக்குப் பொருக்குக் கட்டிருச்சு. உனக்கு?"

"எனக்கு இப்பத்தான் கொப்புளம்."

"மாத்திரை சாப்பிட்டும் பின்னாடியே வர்றியேடா!"

"உங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது சித்தப்பா, அது கணக்கு இல்ல."

"பொருக்கப் பிச்சு எடுக்காத. பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

பிய்க்கவில்லை. பிய்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஒரே வீட்டில், கீழே அறையில் பாப்பா அழுகிறாள், தும்முகிறாள், கொட்டாவி விடுகிறாள் என்று அம்மா செய்தி வாசித்தாள். நான் தனி டம்ளரோடு மொட்டைமாடியில் குடியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஃபோன் வரவில்லை. முதல் பஸ்ஸில் ஆளே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, கேட்காமலேயே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். என் முன்னால் வந்து, இரண்டு கையாலும் மீசையைத் தூக்கிப் பிடித்தார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரங்களைப் பார்த்தேன். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. தோல் சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருந்தது.

"போகலாம்" என்றேன். எழுந்து நானும் கூடவே கிளம்பினேன்.

"நில்லு" என்றார் சித்தப்பா. டார்ச்சைக் கையிலிருந்து வாங்கி, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் எடுத்துக்கொண்டதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"வலது ஓரத்துல கடுகளவு ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார். "போய் அங்கிட்டு உக்காரு."

உட்கார்ந்தேன். கதவு வழியாகத் தெரிந்தது: மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த சித்தப்பாவின் மடியில் அவளை வைத்தார்கள். அவர் குனிந்தார். குனிந்து, பாதி வழியில் நின்று, வாசலில் இருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். மீசையை ஒரு பக்கம் முறுக்கி மேலே விட்டுக்கொண்டார்.

"பாக்கத்தான்டா செய்றேன்" என்றார்.